சத்தம் போடாத ஃபிரிட்ஜ்

ரசமட்டத்தை ஃபிரிட்ஜின் உள்தட்டில் வைத்துவிட்டு ஓலின் கிம்மல் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்க்கிறார். கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் குமிழி நடுவில் வந்து நிற்காமல் இடது பக்கம் ஒரு நூல் ஒதுங்கி நிற்கிறது. கதவைச் சாத்திவிட்டு வெளியே இறங்குகிறார். சரளை மண்ணில் மண்டியிட்டு, ஜாக்கியைச் சுழற்றி டிரெய்லரின் ஒரு பக்கத்தை லேசாகத் தூக்கி, சக்கரத்துக்கு அடியில் மெல்லிய பலகை ஒன்றைச் செருகுகிறார். முழங்காலைத் தட்டிக்கொண்டு மறுபடி உள்ளே போகிறார். மறுபடி ரசமட்டம்.

"ஏ கிழவா, வீடு நேராத்தான் இருக்கு. உன் தலை நேரா இருக்கான்னு அதுல வெச்சுப் பாரு" என்கிறாள் அவர் மனைவி டோர்லா, குறுக்கெழுத்துப் போட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சாஞ்சா செத்துரும் டோர். உனக்கு வெளையாட்டா இருக்கு. சாஞ்சா செத்துரும்."

ஃபிரிட்ஜைத்தான் சொல்கிறார். சக்கரம் வைத்த வீட்டில் இருக்கும் ஃபிரிட்ஜ் ஊர் வீட்டு ஃபிரிட்ஜ் போன்றதல்ல. அதற்குள் மோட்டார் கிடையாது. பின்புறம் கேஸில் ஒரு சின்ன நீலச்சுடர் எரியும். அந்தச் சூட்டில் குழாய்க்குள் ஏதோ கொதித்து, ஏறி, இறங்கி, எப்படியோ உள்ளே குளிராகிவிடும். தீயிலிருந்து குளிர் வருகிறது என்பதையே ஓலினால் முழுசாக நம்ப முடிந்ததில்லை. வண்டி சாய்ந்து நின்றால் குழாய்க்குள் ஓட்டம் நின்றுவிடும். நின்றது யாருக்கும் தெரியாது என்பதுதான் அவருடைய பெரிய மனக்குறை.

"ஊருல இருந்த ஃபிரிட்ஜ் உறுமும். நாய் மாதிரி, இங்கதான் இருக்கேன்னு சொல்லும். இது வாயே தொறக்காது. தூங்குதா, போய்ச்சேந்துடுச்சான்னே தெரியாது" என்பார்.

இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார், ஃபிரிட்ஜின் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோல.

வாலிபத்தில் சிகாகோவிலும் செயின்ட் லூயிஸிலும் உயர்ந்த கட்டடங்களுக்கு இரும்புச் சட்டம் முடுக்கியவர் ஓலின். மேகம் இடிக்கும் உயரத்தில், ஒரு பாதம் அகல உத்தரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு மதியச் சாப்பாட்டைத் தின்றிருக்கிறார். அரிசோனாப் பாலைவனத்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில் டிரெய்லர் படிக்கு அடியில் கிலுகிலுப்பைப் பாம்பு சுருண்டு கிடந்தது. அவர்களைப்போலவே சக்கர வீட்டோடு குளிர்காலத்துக்கு வந்திருந்த அக்கம்பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லாம் கூரைமேல் ஏறாத குறை. ஓலின் சாவகாசமாக மண்வெட்டியில் ஏந்தி, "போயிட்டு வாங்க சார்" என்று தூரத்துப் புதரில் விட்டுவிட்டு வந்தார். அப்படிப்பட்ட மனிதர், கடையில் வரிசையில் நிற்கும்போது திடீரென்று முகம் வெளுத்து, "டோர், கதவை அமுக்கிச் சாத்தினேனா? க்ளிக்குன்னு கேட்டுச்சா?" என்பார்.

பயத்துக்குக் காரணம் ஃபிரிட்ஜின் மேல்தட்டில் இருக்கிறது. விரல் பருமனுள்ள சில கண்ணாடிக் குப்பிகள். டோர்லாவுக்குப் பள்ளிக்கூட வயதிலிருந்து இன்சுலின் ஊசிதான் உயிர். அவள் உடம்பு அதைத் துளிகூடச் சுரப்பதில்லை. வேளாவேளைக்குப் போட்டுக்கொண்டால் எல்லோரையும்போல நடமாடலாம், சண்டை போடலாம், நடனமாடலாம். போடாவிட்டால் சில நாள்கூடத் தாங்காது.

வீட்டை விற்றுவிட்டுச் சக்கரத்தில் வாழ்வோம் என்றது அவள்தான். "சமையக்கட்டு ஜன்னல்ல எதிர்வீட்டுக்காரன் கராஜையே எத்தனை வருஷம் பாக்கறது? செத்தா கள்ளிச்செடியப் பாத்துக்கிட்டுச் சாவறேன்." ஓலின் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மருந்தை எங்க வெப்ப?" டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். ஃபாரன்ஹீட் கணக்கில் முப்பத்தாறு டிகிரிக்குக் குறையக் கூடாது, நாற்பத்தாறைத் தாண்டக் கூடாது. சூடு பட்டால் மருந்து கெடும். உறைந்தாலும் கெடும், முப்பத்திரண்டிலேயே தண்ணீர் உறைந்துவிடும், அதையும் மறக்க வேண்டாம். ஓலின் இரண்டுக்கும் தலையாட்டினார். ஆனால் சூடு என்ற வார்த்தைதான் அவர் நெஞ்சில் போய்க் குந்தியது. பாலைவனத்துக்குப் போகிறவனுக்கு உறைவதைப் பற்றி என்ன கவலை?

அன்றிலிருந்து அந்த ஃபிரிட்ஜுக்கு அவர் வைத்த சட்டதிட்டங்கள் கொஞ்சநஞ்சமல்ல. உள்ளே எதையும் நெருக்கி அடுக்கக் கூடாது, காற்று உலாவ இடம் வேண்டும். மீந்த குழம்பு கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறும்வரை வெளியேதான் கிடக்க வேண்டும். உள்ளே ஒரு குட்டி விசிறி, பின்புறச் சட்டத்துக்கு வெளியே இன்னொன்று. வெயில் படும் பக்கம் ஜன்னலுக்கு வெள்ளித்தாள். இது எல்லாவற்றுக்கும் மேலே, கதவைத் தொடுகிறவர் என்ன எடுக்கப் போகிறோம் என்று முதலில் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

"யோசிச்சுட்டுத் தொற. தொறந்துட்டு யோசிக்காத!"

அந்தப் பாலைவெளியில் கூடியிருந்த வண்டிக்காரர்கள் மத்தியில் இது ஒரு வாசகமாகவே ஆகிவிட்டது. சீட்டாட்டத்தில் யாராவது தயங்கினால், "யோசிச்சுட்டுத் தொறப்பா" என்பார்கள். ஓலினும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே எழுந்து போய் ஃபிரிட்ஜைப் பார்த்துவிட்டு வருவார்.

பக்கத்து வண்டி கிளெனிஸ், கனரக லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர், குரலும் லாரி மாதிரிதான். ஒருமுறை அந்தம்மா ஆசையாகக் கொடுத்தனுப்பிய உருளைக்கிழங்கு சாலட்டை, வெயிலில் எவ்வளவு நேரம் இருந்ததோ என்ற சந்தேகத்தில் ஓலின் குப்பையில் கொட்டிவிட்டார். கிளெனிஸ் அதை மறக்கவே இல்லை. "கிம்மல், இந்தா காப்பி. கொட்றதுக்கு முன்னாடி ஒரு வாய் குடிச்சுப் பாரு" என்றுதான் இன்றுவரை கோப்பையை நீட்டுகிறார்.

வசந்தம் வந்ததும் வண்டிகள் ஒவ்வொன்றாக வடக்கே கிளம்பிவிடும். பாலைவனத்துக் கோடையில் யாரும் தங்கமாட்டார்கள். இந்த வருடம் கிளம்புகிற சமயத்தில் கிம்மல் தம்பதியின் இழுவை லாரியில் கியர்பெட்டி போய்விட்டது. ஆற்றங்கரை ஊரில் உள்ள பட்டறையில் அது பிரிந்து கிடக்க, உதிரிபாகம் வரும்வரை இவர்கள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதாயிற்று. கடைசியாகக் கிளம்பியவர்கள் பீச் பழம் வேகவைத்த பலகாரம் ஒரு தட்டு கொடுத்துவிட்டுக் கையசைத்துப் போனார்கள். கிளெனிஸ் மட்டும் போகவில்லை. "எனக்குப் போக வேண்டிய எடமும் இல்ல, அவசரமும் இல்ல. நீ உன் பிரிட்ஜோட குடும்பம் நடத்தறத வேடிக்கை பாக்கறேன்" என்றார். தனியாக விட்டுப்போக மனசு வரவில்லை என்பதை அந்தம்மா இப்படித்தான் சொல்வார்.

வெயிலும் இந்த வருடம் சொல்லிவைத்ததுபோல் முந்திக்கொண்டு வந்தது. காலை காப்பி முடிவதற்குள் டிரெய்லரின் தகரம் தொட முடியாமல் கொதித்தது. ஃபிரிட்ஜ் கதவின் உட்புறம் மாட்டியிருந்த வெப்பமானி நாற்பதில் நின்றது, பிறகு நாற்பத்து நான்கு, பிறகு ஒரு மதியம் நாற்பத்தேழு. ஓலின் அந்த எண்ணை டோர்லாவிடம் சொல்லவில்லை. ஈரப் போர்வையை எடுத்துப் போய் வெளிச்சுவரில் தொங்கவிட்டார். அது காயக் காயத் தண்ணீர் தெளித்தார். சட்டை உப்புப் பூத்தது. டோர்லா கதவருகே வந்து, "கொஞ்சம் நெழல்ல உக்காருய்யா. மயக்கம் போட்டு விழுந்தா ஒன்னைய எந்தத் தட்டுல வெக்கறது?" என்றாள். அவர் வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. உற்றுக் கேட்டால், "விட்றாத, விட்றாத" என்பதுதான்.

ஃபிரிட்ஜின் பின்சுவரில் அலுமினியத் தகடுகள் வரிசையாக நிற்கும். குளிர் அங்கிருந்துதான் பிறக்கிறது. அந்தத் தகட்டில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கவ்வி இருக்கும். மேலே தள்ளினால் குளிர் கூடும், கீழே இறக்கினால் குறையும். ஓலின் அதை உச்சிவரை தள்ளினார். அதுவும் போதாதென்று, இன்சுலின் குப்பிகளை எடுத்து, ஆகக் குளிர்ந்த இடம் எதுவோ அங்கே இருக்கட்டும் என்று, அந்தத் தகட்டோடு ஒட்டவைத்தார். அவற்றுக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலை அணைகொடுத்தார். சாயங்காலம் வெப்பமானி முப்பத்தெட்டு காட்டியது.

"முப்பத்தெட்டு!" என்று வெளியே வந்து கத்தினார். ஆள் இல்லாத பாலைவனத்தில் கிளெனிஸ் மட்டும் கைதட்டினார்.

பிறகு காற்று திரும்பியது. வடக்கேயிருந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து, ஒரே நாளில் வெயிலைத் துடைத்துப்போட்டது. மறுநாள் விடிந்தபோது மூவரும் ஸ்வெட்டரைத் தேடினார்கள். ஓலின் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார். கதவுப் பக்கத்து வெப்பமானியில் முப்பத்தைந்து. டாக்டர் சொன்ன வரம்புக்கு ஒரு டிகிரி கீழே. குளிர் கூடினால் கூடட்டும், அது நம் பக்கத்து ஆள் அல்லவா என்று தோன்றியது அவருக்கு. கவ்வியைக் கொஞ்சம் இறக்கலாமா என்று கை உள்ளே போனதும் உண்மைதான். விரல் அதைத் தொட்டது. இறக்கிய கையோடு வெயில் திரும்பி வந்துவிட்டால்? விரலை எடுத்துக்கொண்டு, யோசித்துத் திறந்த கதவை யோசித்தே சாத்தினார்.

டோர்லா பழைய குப்பி தீர்ந்து புதிதொன்றை எடுத்தது அதற்கு அடுத்த நாள். தூக்கக் கலக்கத்தில் பார்க்காமலே எடுத்து மேடையில் வைத்துவிட்டு, கை கழுவி, தலை பின்னி, காப்பியும் குடித்து வருவதற்குள் குப்பி அறைச்சூட்டுக்கு வந்திருந்தது. மருந்து தெளிந்த தண்ணீராகத்தான் தெரிந்தது.

அன்று சாயங்காலமே சர்க்கரை ஏறியது. ஓலின் மிச்சமிருந்த பீச் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஓரத்துல ஒரு கரண்டி. ஒரே கரண்டி" என்றாள்.

"கரண்டி எவ்வளவு பெருசு?"

"உன் வாய் அளவு இல்ல."

கூடுதலாக ஊசி போட்டுக்கொண்டாள், அதே குப்பியிலிருந்து. விடிந்ததும் இன்னும் ஏறியிருந்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். குடித்தது நிற்கவில்லை. கழிப்பறைக்கும் படுக்கைக்குமாக நடந்து நடந்து, "காலு ரெண்டும் ஈரச் சாக்கு மாதிரி கனக்குது" என்றாள். குறுக்கெழுத்துப் புத்தகம் தரையில் விழுந்தது, எடுக்கவில்லை. முற்பகலில் வாந்தி எடுத்தாள். பக்கத்தில் குனிந்த ஓலினுக்கு அவள் மூச்சில் அழுகத் தொடங்கிய பழத்தின் வாடை அடித்தது. மலை ஏறுகிறவள்போல நெஞ்சு தூக்கித் தூக்கி மூச்சு வாங்கினாள், படுத்த இடத்திலேயே.

ஓலின் ஃபிரிட்ஜுக்குப் போனார். முப்பத்தைந்து. திரும்பி வந்தார். "பிரிட்ஜு நல்லாத்தான் இருக்கு டோர். முப்பத்தஞ்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போனார். முப்பத்தைந்து. "நல்லாத்தான் இருக்கு" என்றார். மூன்றாம் முறை அதைச் சொன்னபோது அவர் குரல் கெஞ்சியது. யாரிடம் கெஞ்சுகிறார் என்பது அவருக்கே தெரியவில்லை.

சத்தம் கேட்டுக் கிளெனிஸ் வந்தார். டோர்லாவின் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "குடிக்க ஜில்லுனு ஏதாச்சும் குடு, ஒதடு வெடிச்சுக் கெடக்கு" என்றார். ஓலின் ஃபிரிட்ஜின் உள்ளே கைவிட்டு, பின்னால் அணைகொடுத்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தார். கையில் எடுத்ததும் கடகடவென்று ஏதோ இடித்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. என்ன குளிர்! வெயிலை ஜெயித்தாயிற்று.

பிறகுதான் கையில் இருந்தது பனிக்கட்டி என்று மூளைக்கு எட்டியது.

பாட்டிலைக் கீழே வைத்தார். தகட்டோடு ஒட்டியிருந்த குப்பிகளில் ஒன்றைப் பிடித்து இழுத்தார். ஒட்டிக்கொண்டிருந்தது, பிய்த்துக்கொண்டு வந்தது. வெளியே மெல்லிய வெண்பூச்சு. சாய்த்தார். உள்ளே எதுவும் நகரவில்லை.

வெறும் காற்றில் நடந்த மனிதர், சமையல் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன கிம்மல்?" என்றார் கிளெனிஸ்.

அவர் குப்பியை நீட்டினார். "ஒறஞ்சு கெடக்கு. எல்லாம் ஒறஞ்சு... முப்பத்தஞ்சு கதவுப் பக்கந்தான். அவ போட்டுக்கிட்டதும் இதுதான். வெறுந்தண்ணி. நான்தான் பின்னால தள்ளி வெச்சேன். நான்தான்..."

"அதெல்லாம் அப்புறம் அழுவலாம். அவளத் தூக்கு."

கிளெனிஸ் தன் இழுவை லாரியை ஓட்டினார். முன்சீட்டில் நடுவில் டோர்லா, ஓரத்தில் ஓலின், அவள் தலை அவர் தோளில். நேரே போகும் சாலை, திருப்பமே இல்லாத சாலை, எதிரே ஒரு வண்டி இல்லை. தூரத்து மலை கிட்ட வராமல் அங்கேயே நின்றது. எஞ்சின் சத்தத்தையும் மீறி அவள் மூச்சுக் கேட்டது.

"பேசு டோர். ஏதாச்சும் பேசு."

"என்னத்தப் பேச... நீதான் பேசிக்கிட்டே இருக்கியே..."

"திட்டு. என்னத் திட்டு."

அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்டதற்கெல்லாம் பதிலாக வந்தது அந்த மூச்சு மட்டும்தான். அது ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் ஓலின் அடுத்தது வருவதற்காகக் காத்திருந்தார். கிளெனிஸ் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். அந்தம்மா பேசாமல் வண்டி ஓட்டி ஓலின் பார்த்தது அன்றுதான்.

ஆற்றங்கரை ஊர் மருத்துவமனையில் அவளை உருட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒரு நர்ஸ் மட்டும் திரும்பி வந்து கேட்டாள்.

"மருந்தை எங்க வெச்சிருந்தீங்க சார்?"

"பிரிட்ஜுல."

"எத்தன டிகிரி?"

"முப்பத்தஞ்சு" என்றார், பள்ளிக்கூடப் பையன்போல. பிறகு சட்டைப் பையிலிருந்து குப்பியை எடுத்து அவள் கையில் வைத்தார். வழியிலேயே அவர் உடம்புச் சூட்டில் அது உருகிவிட்டிருந்தது. நர்ஸ் விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். ஓலினும் பார்த்தார். ஊற்றுத் தண்ணீர்போல அவ்வளவு தெளிவு. கலங்கல் இல்லை, கட்டி இல்லை. கடையிலிருந்து அன்றைக்கு வாங்கியது என்றால் யாரும் நம்புவார்கள். நாற்காலியைத் தேடினார்.

நரம்பில் மருந்து ஏற, உடம்பு மெல்ல மெல்ல வழிக்கு வந்தது. டோர்லா கண் திறந்து, ஆளை அடையாளம் கண்டுகொண்டு, முதலில் கேட்டது: "மருந்து சூடாயிடுச்சா?"

"இல்ல. ஒறஞ்சிடுச்சு. நான் கவ்வியத் தள்ளி..."

"ஒறஞ்சுதா?" அவள் கூரையைப் பார்த்தாள். "அப்ப அந்தப் பொட்டி வேல செய்யுதுன்னு அர்த்தம்."

ஓலின் அவள் போர்வையின் ஓரத்தை நீவிவிட்டார்.

"இத்தன வருஷமா சர்க்கரையால என்னைக் கொல்ல முடியல. நீ பயந்தே கொன்னுருவ போலருக்கே" என்றாள், அதே விளையாட்டுக் குரலில். சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். எதையாவது சொல்லி மாற்றப் பார்த்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டு, ஊசி குத்தாத கையை அவர் பக்கம் நீட்டினாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டு வண்டி வந்து நின்றும் விடவில்லை.

வீடு திரும்பியதும் ஃபிரிட்ஜ் பக்கம் அவரை அண்டவிடவில்லை டோர்லா. உறைந்த குப்பிகளைத் தூர எறிந்தாள். கவ்வியை நடுவுக்கு இறக்கினாள். புதுக் குப்பிகளை ஒரு டப்பாவில் போட்டு, தகட்டைத் தொடாமல் நடுத்தட்டில் வைத்தாள். கதவில் மாட்டியிருந்த வெப்பமானியைக் கழற்றி அந்த டப்பாவுக்குள்ளேயே போட்டாள்.

"இனிமே இது என் எடம். கூரை ஒன்னுது, சக்கரம் ஒன்னுது. சாஞ்சா சொல்லு, நிமித்திக்கலாம்."

லாரி இன்னும் பட்டறையில்தான் இருக்கிறது. வெயில் திரும்பிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் டோர்லா பால் எடுக்கக் கதவைத் திறந்தாள். என்ன எடுக்கப்போகிறாள் என்று சொல்லவில்லை. டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"நாப்பத்திரண்டு" என்றாள்.

ஓலின் எழுந்தார்.

"நாப்பத்தாறு வரைக்கும் இருக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. உக்காரு."

"காலைல நாப்பதா இருந்துச்சு டோர். வெயில் இன்னும் ஏறல..."

"உக்காருய்யா."

அவள் கதவைச் சாத்தினாள். டிரெய்லருக்குள் ஒரு சத்தமும் இல்லை. வெளியே தகரம் வெயிலில் விரிந்து எங்கோ டிக்கென்றது. ஓலின் மேசைக்குப் பின்னால் இருந்த பலகையில் உட்கார்ந்தார். ஃபிரிட்ஜைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் தள்ளி, அவற்றின்மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டார்.